எதைக் குறைத்தார்கள்? மலிவு விலை வேட்டை ரைஃபிள்கள் மீதான வழக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் குறைந்த விலைக்கு விற்கும் வேட்டை ரைஃபிள்களைப் பற்றிப் பேசப் போகிறேன். முதன்முதலாக வேட்டைக்குப் போகிற ஒரு தொழிலாளியும், தன் மகளுக்கு முதல் ரைஃபிள் வாங்க வருகிற ஒரு தந்தையும் கடையில் கேட்டு வாங்குகிற ரைஃபிள்கள் அவை. அவற்றுக்கு அந்த நாட்டில் நல்ல பெயர் இல்லை. அந்தக் கெட்ட பெயர் நியாயமானதா? இதுதான் நம் முன் இருக்கும் வழக்கு.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் நமக்குத் தேவையானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பின் எதற்காக இந்தப் பேச்சு? அமெரிக்காவில் மான் வேட்டை உரிமத்தோடும், பருவத்தோடும், எண்ணிக்கை வரம்போடும் நடக்கிறது. அங்கே எத்தனையோ எளிய குடும்பங்களுக்கு அது குளிர்காலத்து இறைச்சி. அந்த எளியவர்களின் கருவியைப் பற்றிய தீர்ப்பு இது. அதோடு, ஒரு பொருளை அதன் விலையைப் பார்த்து எடைபோடும் வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. அந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடுமையான இடம் கிடையாது. ஏனென்றால், முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் வெடிமருந்து வெடிக்கும் கருவி இது. இங்கே பொய்க்கு இடமில்லை.

முதலில் குற்றச்சாட்டைக் கேட்போம். "பிளாஸ்டிக் கட்டை, கையில் வளைகிறது" என்கிறார்கள். "போல்ட்டை இழுத்தால் கரகரவென்று வருகிறது" என்கிறார்கள்; தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளைதான் போல்ட். "விசை கல் போல இருக்கிறது, மேகஸின் பொம்மை போல இருக்கிறது, எஃகில் மெருகே இல்லை" என்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதுகிறார்கள்: "மலிவு ரைஃபிள் குறி தவறும், நம்ப முடியாது."

கவனியுங்கள். முன்னே சொன்னவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற குறைகள். கடைசியில் சொன்னது குழலுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் இருக்கிற குறை. முன்னதைச் சொல்லிப் பின்னதை நிரூபித்துவிட முடியுமா? முடியாது. விலையைக் குறைத்தவன் எதையோ குறைத்திருக்கிறான் என்பது உண்மை. ஆனால் எதைக் குறைத்தான்? இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

இந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1936-ல் வின்செஸ்டர் கம்பெனி 'மாடல் 70' என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தது. 1898-ல் ஜெர்மனியின் பால் மவுசர் வடித்துக் கொடுத்த போல்ட் அமைப்பின் வழி வந்தது அது. தோட்டாவைக் கொக்கி போலப் பிடித்து அறைக்குள் கொண்டுபோகும் நீண்ட எஃகுப் பற்றி அதில் உண்டு. வால்நட் மரக்கட்டையில் கையால் செதுக்கிய சதுரக் கோலம் உண்டு. கைதேர்ந்த ஃபிட்டர்களின் உழைப்பு அதன் ஒவ்வோர் அங்குலத்திலும் இருந்தது. அந்த உழைப்புக்கு ஏற்பக் கூலியும் ஏறிக்கொண்டே போனது. 1964-ல் கம்பெனி அதை மாற்றியது. கொக்கிப் பற்றி போனது. கையால் செதுக்கிய கோலம் போய், அச்சில் அழுத்திய கோலம் வந்தது. மரக்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே அகலமான இடைவெளி தெரிந்தது.

வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கோபம் தணியவில்லை. 1964-க்கு முன் செய்த ரைஃபிளுக்கு இன்றும் தனி விலை, தனி மரியாதை. 1992-ல் கொக்கிப் பற்றியை மறுபடியும் கொண்டுவர வேண்டிய கட்டாயம் அந்தக் கம்பெனிக்கே வந்தது. விலையைக் குறைத்தால் தரம் போகும் என்ற பாடத்தை ஒரு தலைமுறை அன்று படித்தது. அடுத்த தலைமுறைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தது.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதி எங்கே?

மறுபாதி 1948-ல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான ஆயுதங்களை விரைவாகச் செய்து பழகிய அமெரிக்கத் தொழிற்சாலைகள், அந்த அறிவை வேட்டை ரைஃபிளுக்குக் கொண்டுவந்தன. ரெமிங்டன் கம்பெனியின் பொறியாளர் மைக் வாக்கரும் அவர் குழுவினரும் 721, 722 என்று இரண்டு ரைஃபிள்களை வடிவமைத்தார்கள். குழலையும் போல்ட்டையும் தாங்குகிற எஃகு உடலுக்கு ரிசீவர் என்று பெயர். பழைய முறையில் அதைப் பெரிய இரும்புத் துண்டிலிருந்து குடைந்து, சீவி, இழைத்து எடுப்பார்கள். வாக்கர் என்ன செய்தார்? உருளைக் கம்பியை லேத்தில் மாட்டிக் கடைந்தார். உதையை வாங்கிக் கட்டைக்குக் கடத்தும் எஃகுப் பாகத்தை ரிசீவரோடு ஒரே துண்டாகச் செய்யாமல், கனமான ஒரு தட்டாகத் தனியே வெட்டிக் குழலுக்கும் ரிசீவருக்கும் இடையே வைத்து இறுக்கிவிட்டார். சில பாகங்களைத் தகட்டில் அடித்து எடுத்தார். அந்தக் காலத்துக் கண்ணுக்கு இவையெல்லாம் மலிவு வேலைகள்.

முடிவு என்ன ஆனது? 1950-ல் .222 ரெமிங்டன் என்ற தோட்டா 722-ஓடு வந்தது. மேசையில் வைத்துச் சுட்டுத் துல்லியத்தை அளக்கும் போட்டிகளை அந்தத் தோட்டா ஆண்டுக்கணக்கில் ஆண்டது. 1962-ல் அதே உருளை ரிசீவருக்கு அழகான கட்டை மாட்டி 'மாடல் 700' என்று பெயர் வைத்தார்கள். 1966-ல் அமெரிக்க மரைன் படை தன் குறிசுடுநர்களுக்கு எம் 40 என்ற ரைஃபிளை ஏற்றது. 1988-ல் அமெரிக்கத் தரைப்படை எம் 24 என்ற ரைஃபிளை ஏற்றது. இரண்டுமே அந்த மாடல் 700-இன் வாரிசுகள். செலவைக் குறைக்கப் பிறந்த வடிவம், ஒரு நாட்டின் மிகத் தேர்ந்த சுடுநர்கள் உயிரை வைத்து நம்பிய வடிவமானது.

லேத் தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். உருளையைத் துல்லியமாகக் கடைவது எளிது. கோணல் மாணலான உருவத்தைத் துல்லியமாகச் சீவுவது கடினம். வேலை எளிதானபோது விலை குறைந்தது. அதே எளிமையால் துல்லியம் கூடியது. எதைக் குறைத்தார்கள்? வீண் உழைப்பைக் குறைத்தார்கள். குறி தவறவில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு. 1958-ல் சாவேஜ் கம்பெனியின் '110' வந்தது. வடிவமைத்தவர் நிக்கோலஸ் ப்ரூவர். எந்த ரைஃபிளிலும் தோட்டா அறைக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிக நுட்பமாக அமைய வேண்டும். கூடினால் பித்தளை உறை கிழியும்; குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில், தேர்ந்த தொழிலாளி குழலைத் திருகிப் பார்த்து, கழற்றி, அராவி, மறுபடி திருகிப் பொருத்துவார். ப்ரூவர் ஒரு நட்டைப் போட்டார். அறைக்குள் அளவு பார்க்கும் கேஜை வைத்துப் போல்ட்டை மூடு, கேஜைத் தொடும்வரை குழலைத் திருகு, நட்டை இறுக்கு. வேலை முடிந்தது.

அந்த நட்டு குழலின் அடியில் வளையம் போலத் துருத்திக்கொண்டு தெரியும். அழகு பார்ப்பவர்கள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆனால் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அந்த இடைவெளி சரியாக அமைந்தது. சாவேஜ் ரைஃபிள் அழகாக இருக்காது, ஆனால் சுடும் என்ற பேச்சு பரவியது. 1988-ல் அந்தக் கம்பெனி திவால் நிலைக்குப் போனபோது, அதைத் தூக்கி நிறுத்தியது இந்த எளிய 110-தான்.

அதோடு முடியவில்லை. 2000-களின் தொடக்கத்தில் இதே கம்பெனி அக்யூட்ரிகர் என்ற விசையைக் கொண்டுவந்தது. விசையை இழுக்கத் தேவையான எடையைச் சுடுபவரே குறைத்துக்கொள்ளலாம். நடுவே உள்ள மெல்லிய நாக்கை அழுத்தாமல் விசை இயங்காது. அதுவரை தொழிற்சாலை விசைகள் கனமாக இருப்பதுதான் வழக்கம். இலகுவான விசை வேண்டுமென்றால் தனியே காசு கொடுத்து மாற்ற வேண்டும். அக்யூட்ரிகர் வந்த சில ஆண்டுகளுக்குள் மார்லின், மாஸ்பெர்க், ரூகர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் தங்கள் விசைகளைத் திருத்தின. எளியவர்களுக்கு ரைஃபிள் செய்த ஒரு கம்பெனி, ஒரு தொழில் முழுவதற்கும் வழி காட்டியது.

1967 முதல் 1983 வரை ரெமிங்டன் '788' என்றொரு ரைஃபிளைச் செய்தது. மாடல் 700 வாங்க முடியாதவர்களுக்காகச் செய்தது. சாதாரண மரத்தில் கட்டை; அலங்காரம் எதுவும் இல்லை. போல்ட்டின் பின்பக்கத்தில் மூன்று வரிசையாக ஒன்பது பூட்டுப் பற்கள். பார்க்கச் சுமாரான அந்த ரைஃபிள், தன் விலையை விடப் பன்மடங்கு துல்லியமாகச் சுட்டது. இன்று பழைய 788 ஒன்று கிடைத்தால் விவரம் அறிந்தவர்கள் விடுவதில்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன். 1950-களில் சியர்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடை 'ஜே. சி. ஹிக்கின்ஸ்' என்ற பெயரில் ரைஃபிள் விற்றது. துணியும் பாத்திரமும் விற்கிற கடையின் துப்பாக்கி என்று பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் அதன் மாடல் 50 ரைஃபிளுக்குள் இருந்தது பெல்ஜியத்தின் எஃப். என். தொழிற்சாலையில் செய்த மவுசர் ரிசீவர். குழலின் உட்புறம் குரோமியம் பூசியது. வெளியே எழுதியிருந்த பெயரைப் பார்த்தவர்கள் உள்ளே இருந்த எஃகைப் பார்க்கவில்லை.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். 2012-ல் ரூகர் அமெரிக்கன் சந்தைக்கு வந்தது. அறிவித்த விலை 450 டாலரை ஒட்டி இருந்தது. அதற்குச் சற்று முன்னால் சாவேஜின் எட்ஜ் வந்தது. பின்னர் ஆக்சிஸ் என்று பெயர் மாறியது. 2015-ல் மாஸ்பெர்க் பேட்ரியட்டும் வின்செஸ்டர் எக்ஸ்பிஆரும் வந்தன. இவற்றின் விலை எப்படி இவ்வளவு குறைந்தது?

குழலைப் பாருங்கள். குழலுக்குள் சுழல் வரிகள் இருந்தால்தான் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். பழைய முறையில் ஒரு சிறு வெட்டுளியைத் திரும்பத் திரும்ப இழுத்து, மயிரிழை மயிரிழையாக அந்த வரிகளைச் செதுக்குவார்கள். இன்று வரிகளின் எதிருருவம் பொறித்த தண்டைக் குழலுக்குள் செருகி, வெளியிலிருந்து பெரிய சம்மட்டிகளால் அடித்தே வரிகளைப் பதித்துவிடுகிறார்கள். ரூகர் அமெரிக்கன் குழல் அப்படிச் செய்ததுதான். சாவேஜ் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது: மிகக் கடினமான உலோகக் குமிழ் ஒன்றைக் குழல் வழியே இழுத்து வரிகளைப் பதிக்கிறது. இரண்டு முறையிலும் நேரம் மிச்சம். இரண்டு முறையிலும் நல்ல குழல் கிடைக்கிறது.

போல்ட்டைப் பாருங்கள். ரூகர் அமெரிக்கனில் போல்ட்டின் உடலும் பூட்டுப் பற்களும் ஒரே பருமன். அதனால் ரிசீவருக்குள் பற்களுக்கென்று தனித் தடம் வெட்ட வேண்டாம்; வட்டத் துளை போதும். கட்டையைப் பாருங்கள். கட்டை பிளாஸ்டிக்தான், ஆனால் அதற்குள் இரண்டு எஃகுப் பாளங்களைப் பதித்து ரிசீவரை அசையாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். விசையைச் சுடுபவரே 3 முதல் 5 பவுண்டு வரை வைத்துக்கொள்ளலாம். இங்கே எதைக் குறைத்தார்கள்? மரத்தைக் குறைத்தார்கள், மெருகைக் குறைத்தார்கள், வெட்டும் வேலையைக் குறைத்தார்கள். குழலில் கை வைக்கவில்லை. பூட்டில் கை வைக்கவில்லை.

வால்நட் கட்டைக்காக வருந்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் குறி நகரும். பார்க்க அழகான கட்டை மழையில் நம்மை ஏமாற்றலாம். பிளாஸ்டிக் நனைந்தாலும் மாறாது.

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் மிகுதியாக வேட்டையாடுவது வெள்ளைவால் மான். அதன் நெஞ்சுப் பகுதியில், குண்டு பட்டால் துன்பம் நீளாமல் உயிர் போகும் இடம் ஏறக்குறைய 8 அங்குல அகலம். நூறு கஜத்தில் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும் மலிவு ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு கஜத்தில் அந்த வட்டம் 3 அங்குலம். கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காடுகளில் பெரும்பாலும் நூறு கஜத்துக்கு உள்ளேயே சுடுகிறார்கள். 8 அங்குலத்துக்குள் 3 அங்குலம் அடங்குமா, அடங்காதா? நீங்களே சொல்லுங்கள். இதற்கு மேல் கூடுதலாக வாங்கும் துல்லியம் காகிதத்தில் தெரியும், காட்டில் தெரியாது.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்பீர்கள். .270 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்க ஆயுத உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. .30-06 தோட்டாவுக்கு 60,000 பவுண்டு. ரைஃபிள் 400 டாலரா, 4,000 டாலரா என்று அந்தத் தோட்டாவுக்குத் தெரியாது. இரண்டு ரைஃபிள்களும் அதே அழுத்தத்தைத் தாங்கியே ஆக வேண்டும். எந்த அறிவுள்ள தொழிற்சாலையும் அங்கே காசை மிச்சம் பிடிக்காது.

அப்படியானால் எல்லா மலிவு ரைஃபிளும் நல்லதுதானா? இல்லை! வழக்கை நேர்மையாக நடத்த வேண்டுமென்றால் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். அந்தச் சாட்சி 2001-ல் வந்த ரெமிங்டன் 710.

788-ஐயும் 700-ஐயும் செய்த அதே கம்பெனிதான். குறிபார்க்கும் ஸ்கோப்பும் சேர்த்து, பெட்டியிலிருந்து எடுத்தால் காட்டுக்குப் போகலாம் என்று விற்றார்கள். ஆனால் ரிசீவரின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் மேல் போல்ட்டை ஓடவிட்டார்கள். குழலைத் திருகாமல் ரிசீவருக்குள் அழுத்திச் செருகினார்கள். பற்கள் குழலிலேயே பூட்டிக்கொண்டதால் வெடிப்பின் அழுத்தம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் போல்ட் ஓட்டம் சொரசொரப்பாக இருந்தது. குழல் தேய்ந்தால் மாற்றுவதற்குச் சாதாரணப் பட்டறையில் வழியில்லை. அவர்கள் ரைஃபிளின் ஆயுளில் கை வைத்தார்கள். அதற்குக் கிடைத்த கெட்ட பெயர் அதற்கு உரியதுதான். சில ஆண்டுகளில் 770 என்று திருத்தி வெளியிட்டும் அந்தப் பெயர் போகவில்லை.

வீட்டுக்குப் பூச்சைக் குறைப்பது ஒன்று, அஸ்திவாரத்தைக் குறைப்பது வேறு. 710-ல் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். அதற்காகப் பூச்சில்லாத வீடுகளையெல்லாம் இடிந்துவிடும் என்று சொல்லலாமா?

வேறு குறைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. சில பிளாஸ்டிக் கட்டைகளின் முன்பகுதி வளைந்து குழலைத் தொடும், குண்டு விலகும். பிளாஸ்டிக் மேகஸினின் கொக்கி உடையலாம். முதலில் வந்த ஆக்சிஸ் விசை கனம். அடுத்து வந்த ஆக்சிஸ் 2-ல்தான் அக்யூட்ரிகர் கிடைத்தது. எடை குறைந்த ரைஃபிள் தோளில் பலமாக உதைக்கும். பெட்டியோடு வரும் ஸ்கோப் பல நேரம் மட்டமானது. அதைத் தாங்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் எந்தக் குழலும் நேராகச் சுடாது. அப்போது பழி ரைஃபிளின் தலையில் விழுகிறது. ஆனால் யோசியுங்கள். உரசும் கட்டையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். திருகை இறுக்கலாம். ஸ்கோப்பை மாற்றலாம். குழல் கோணலாக இருந்தால் மட்டும்தான் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் குழல்தான் இந்த ரைஃபிள்களில் நன்றாக இருக்கிறது.

மதிப்புள்ள ரைஃபிள்களும் இதே வழியில்தான் வந்திருக்கின்றன. ஃபின்லாந்தின் டிக்கா டி 3 இன்று வேட்டைக்காரர்கள் போற்றும் ரைஃபிள். அதற்கும் பிளாஸ்டிக் மேகஸின்தான். குட்டைத் தோட்டாவுக்கும் நெட்டைத் தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவர்தான். விலை கூடிய இடத்தில் அதற்கு 'புத்திசாலித்தனமான வடிவமைப்பு' என்று பெயர். விலை குறைந்த இடத்தில் அதே வேலைக்கு 'கஞ்சத்தனம்' என்று பெயர். இது என்ன நீதி?

இந்த அநீதியால் யாருக்கு நட்டம்? முதலில், அந்த எளிய மனிதருக்கு நட்டம். காட்டுக்குத் தன் பங்கைக் கொடுத்தும் ஏளனத்துக்கு ஆளாகிறவர் அவர். அமெரிக்காவில் 1937-ல் பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வந்தது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி வாங்கி, அந்தப் பணத்தைக் காட்டுயிர்களின் மீட்புக்கு மாநிலங்களுக்குத் தருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து லட்சம் அளவுக்குச் சுருங்கிப்போனதாகக் கணிக்கப்படும் வெள்ளைவால் மான்கள் இன்று மூன்று கோடியை ஒட்டி இருக்கின்றன. அந்த மீட்சியில் மலிவு ரைஃபிள் வாங்கியவரின் வரிப்பணமும் இருக்கிறது. அவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

அடுத்த நட்டம் அந்த மானுக்கு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. ஏளனத்துக்கு அஞ்சி ஒருவர் கையிலிருக்கும் காசையெல்லாம் ரைஃபிளிலேயே போட்டுவிடுகிறார். பயிற்சிக்குத் தோட்டா வாங்கக் காசில்லை. பருவம் தொடங்குவதற்கு முந்திய நாள் நாலைந்து குண்டுகள் சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார். அவர் கை நடுங்குகிறது. மான் காயத்தோடு ஓடுகிறது. புதருக்குள் விழுந்து நெடுநேரம் துடிக்கிறது. அந்தத் துடிப்புக்கு வால்நட் கட்டை மருந்தாகுமா? அழகிய மெருகு மருந்தாகுமா? குறைந்த விலையில் நல்ல ரைஃபிள் வாங்கி, மிச்சக் காசில் நல்ல ஸ்கோப்பும் பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் வாங்கி, கோடை முழுதும் பழகிவிட்டுப் போகிறவர்தான் அந்த உயிருக்கு மரியாதை செய்கிறவர். எதைக் குறைக்கக் கூடாது என்று கேட்டால் நான் ஓங்கிச் சொல்வேன்: பயிற்சியைக் குறைக்கக் கூடாது!

பெரியோர்களே, தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். அழகு குறைவு என்ற குற்றச்சாட்டு மெய். சில மாடல்கள் மோசமானவை என்பதும் மெய். மலிவு ரைஃபிள் என்றாலே குறி தவறும், நம்ப முடியாது என்ற பொதுப்பழி பொய். 722-இலிருந்து ரூகர் அமெரிக்கன் வரை அறுபது ஆண்டு வரலாறு அந்தப் பழியை மறுத்து நிற்கிறது.

இளைய நண்பர்களே, உங்களில் பலர் நாளை பொருள் செய்கிறவர்களாக இருப்பீர்கள். எல்லோரும் பொருள் வாங்குகிறவர்களாக இருப்பீர்கள். செய்யும்போது, எளியவர்களுக்கான பொருளில் உயிர் இருக்கும் பாகத்தைத் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் தாராளமாக எளிமையாக்குங்கள். வாங்கும்போது, விலைச்சீட்டைப் பார்த்து இகழாதீர்கள். உள்ளே திறந்து பாருங்கள். எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.